தோண்டுகிறவர் எடுத்துத் தரும் ஸ்கீ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்வதாக இல்லை.

உன் கடிதம் வந்தபோது கடையில் ஒருவருக்கு பூட்ஸ் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கையெழுத்தைக் கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய், பனியில் சறுக்குகிற ஸ்கீக்கு மெழுகு தேய்க்கிற மேஜையில் சாய்ந்துகொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே வந்தால் அந்த மனிதர் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். "ஏதாவது கெட்ட சேதியாம்மா?" என்று கேட்டார். தம்பி எழுதியிருக்கிறான் என்றேன். "அப்ப நல்லதுதானே" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பூட்ஸை மாட்டிவிட்டேன்.

போன குளிர்காலத்தில், பனிச்சரிவில் போய்விட்ட உன் அத்தானின் உடம்பை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு நீ அந்த நாட்டிலேயே நின்றுவிட்டாய். போன் எடுப்பதில்லை. ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாய் என்பதே யாரோ சொல்லித்தான் தெரியும். இப்போது ஒரு கடிதம் வருகிறது, அதில் அக்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கிடையாது. அத்தானுடைய ஆரஞ்சு நிற ஸ்கீயைப் பார்சலில் அனுப்பு. பூட்ஸைப் பிடித்துக்கொள்கிற பைண்டிங்கைக் கழலவே கழலாதபடி இறுக்கி அனுப்பு. அத்தான் போய் வருஷம் திரும்புகிற அன்று அதே சரிவுக்குத் தனியாகப் போகிறேன். தேடுகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். கீழே பெயர்கூடப் போடவில்லை.

நான் ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரி, தம்பி. சறுக்கத் தெரியாதவள்தான், சமதரையிலேயே விழுகிறவள் என்று நீ கேலி செய்வாய். ஆனாலும் பைண்டிங் எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விழும்போது கழன்றுகொள்ளத்தான் இருக்கிறது. பனி மொத்தமாகச் சரிந்து வந்தால் காலில் மாட்டிய ஸ்கீ ஆளைக் கீழே இழுக்கும், கழன்றால்தான் மேலே வர ஏதாவது வழி உண்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள் இரண்டு பேரும்தான். அதை இறுக்கச் சொல்கிறவன் திரும்பி வருவதற்காகப் போகவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்பதும் புரியாமல் இல்லை. அன்றைக்கு உன் அத்தானின் ஸ்கீ கழன்று, அதன் ஆரஞ்சு மூக்கு மட்டும் பனிக்கு வெளியே தெரிந்தது. புதைந்தவர் கிடக்கிற இடத்தைக் காட்டுமே, கையிலிருந்த அந்தச் சிக்னல் கருவியைக்கூட நீ பார்க்காமல் ஓடிப்போய் அதன் அடியில் தோண்டினாய். அவர் அங்கே இல்லை. அதற்கும் கீழே, ஒரு லாரி நீளம் தள்ளிக் கிடந்தார். போலீஸ்காரர்கள் அனுப்பிய காகிதத்தில் எல்லாம் இருந்தது, நான் படித்துவிட்டேன். யாராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் முதலில் தோண்டியிருப்பார்கள். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் காத்திருந்தேன், நீ வரவேயில்லை.

நம் கடை வழக்கம் உனக்கு மறந்துவிட்டதா? உன் அத்தான் கொண்டுவந்ததுதான். ஆழப் பனிக்குப் போகிற அகல ஸ்கீயைத் தனி ஆளுக்குக் கொடுக்க மாட்டார். இரண்டு பேராக வர வேண்டும், அவனவன் ஸ்கீயை அவனவன் எடுக்கக் கூடாது, ஒருத்தருக்கு மற்றவர் எடுக்க வேண்டும். "உன்னைத் தோண்டப் போறவன் எடுக்கட்டும், அவனுக்குத்தான் உன் எடை தெரியணும், உன் கலர் தெரியணும்" என்பார். எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் சண்டை போட்டார்கள். புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு பெண் தன் புருஷனுக்குக் கிளிப்பச்சையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் முகம் போன போக்கைச் சொல்லி நாம் ஒரு வாரம் சிரித்தோம். அப்புறம் நீ உன் அத்தானுக்கு அந்த ஆரஞ்சை எடுத்தாய். "என்னைக் கோமாளியாக்கிட்டான் உன் தம்பி" என்று வீட்டுக்கு வந்து புலம்பினார். ஆனால் கண்ணாடி முன் தோளில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பிடித்திருந்தது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

தனி ஆளுக்குக் கிடையாது, தம்பி. நீ ஊருக்கு வா. வேலை வேண்டாம், பேச்சு வேண்டாம், வந்து உன் அறையில் படுத்துக் கிட. அப்பா நாள் முழுக்க டிவியில் அந்த நாட்டு வானிலையைத்தான் பார்க்கிறார். நம் மலை ஊரில் பனியா வெயிலா என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்வார், உன் ஊரில் எவ்வளவு பனி என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்.

இப்படிக்கு,
உன் அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

உன் கார்டு கிடைத்தது. "கேள்வி கேக்காம அனுப்பு, இல்லன்னா இங்கேயே எதையாவது வாடகைக்கு எடுத்துக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இவ்வளவு சுருக்கமாக எழுத வரும் என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்திருந்தால் வாத்தியார் சந்தோஷப்பட்டிருப்பார்.

நீ எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் அனுப்பாவிட்டால் நீ போகாமல் இருக்கப் போவதில்லை. இந்த வாரம் முழுக்க அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. ஸ்டோர் ரூமுக்குப் போய் அந்த ஆரஞ்சு ஜோடியை எடுத்தேன். அவர் சாமானோடு வந்த பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் சாத்தியதோடு சரி, அதன்பிறகு நான் தொடவில்லை. ஓர இரும்பில் துரு ஏறியிருக்கிறது. அடியில் ஒரு கீறல், கல்லில் உரசியிருக்கும். கீறலைப் பார்த்ததும் என்னை அறியாமல் மெழுகையும் அதை உருக்குகிற இஸ்திரிப்பெட்டியையும் எடுத்து அடைக்க உட்கார்ந்துவிட்டேன். கை பழக்கம். பாதியில்தான் யாருக்காக இதைச் செய்கிறேன் என்று உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நாளாக அழுகை வரவில்லை, அன்றைக்கு வந்தது.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். நான் உன்னை ஏமாற்றப் பார்த்தேன். நம் ஊர் கெட்டிப் பனிக்குக் கொடுக்கிற ஒல்லி ஸ்கீ ஒரு ஜோடி எடுத்தேன், அதிலும் முழங்கால் உயரக் குழந்தைகளுக்குத்தான் பொருந்தும் என்கிற மாதிரி குட்டையானது, மெலிந்தது. அதைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டி, உன் விலாசத்தையும் எழுதிவிட்டேன். பொடிப்பனியில் அதை மாட்டிக்கொண்டு இறங்கினால் முதல் பத்தடியிலேயே இடுப்புவரை புதைவாய், ஸ்கீயின் மூக்கு உள்ளே குத்தும், அக்காவைத் திட்டிக்கொண்டே திரும்பிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். பெட்டியின் நீளத்தைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. டிவியை அணைத்தார். நம்ப மாட்டாய், அவராகவே எழுந்து வந்து அணைத்தார். "அவன் அதுலயும் போவாம்மா. மெதுவாப் போவான், அவ்வளவுதான்" என்றார். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார், ஆனால் டிவியைப் போடவில்லை.

அவர் சொன்னது சரி. புதைகிற ஸ்கீயோடு களைத்துப்போய்க் கிடப்பாய், திரும்ப மாட்டாய். கயிற்றை அறுத்துப் பெட்டியைப் பிரித்துவிட்டேன். எந்த ஸ்கீ உன்னைத் திருப்பி அனுப்பும் என்று கடையில் ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தேன். வளைத்துப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உயரத்தைக் கேட்டு, எடையைக் கேட்டு, எந்த மலை என்று கேட்டுக் கொடுப்பேன். மனசு வெறுத்துப்போன ஆளுக்கு எதைக் கொடுப்பது என்று எந்தக் கம்பெனிக்காரனும் எழுதிவைக்கவில்லை.

எனக்கும் உனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தைரியமாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது பொய். காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, இதை முழுக்கத் தூக்கி என்ன ஆகப் போகிறது என்று குனிந்தபடி நிற்கிறேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் முதுகு பிடித்துக்கொண்டதா என்று ஓடி வருகிறார். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன், அவரும் மாத்திரை கொடுக்கிறார். அந்த மாத்திரைகளை ஒரு டம்ளரில் போட்டுவைத்திருந்தேன், போன வாரம் எல்லாவற்றையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. ராத்திரியில் கட்டிலில் உன் அத்தான் படுத்த பக்கத்தை விட்டுவிட்டு ஓரமாகத்தான் படுக்கிறேன். எழுந்திருக்கவே வேண்டாம் என்று படுத்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. ஒவ்வொரு நாளும் என்னை எழுப்பியது என்ன தெரியுமா? அப்பா அந்த அறையிலிருந்து உன் ஊர் வானிலையைக் கத்திச் சொல்வார். உன் ஊரில் விடிந்துவிட்டது, நீ சமையல்கட்டில் நிற்பாய் என்று எழுந்துவிடுவேன். அது ஒன்றுதான். நீ போய்விட்டால் அவர் எந்த ஊர் வானிலையைச் சொல்லி என்னை எழுப்புவார்?

இதற்கு மேல் எழுத வரவில்லை. பார்சல் இன்னும் கிளம்பவில்லை. அங்கே யாரிடமும் வாடகைக்கு எடுக்காதே. நான் முடிவு செய்யும்வரை பொறு.

இப்படிக்கு,
உன் அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாதது நல்லதுதான், போட்டிருந்தால் மறுபடி ஏதாவது எழுதி என்னைப் பேசவிடாமல் செய்திருப்பாய். இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நின்றபடி படிக்காதே, உட்கார்ந்து படி.

ஆரஞ்சு ஸ்கீ தயாராக இருக்கிறது. துருவைத் தேய்த்து எடுத்து, ஓரத்தைத் தீட்டி, கீறலை அடைத்து, மெழுகு போட்டுவிட்டேன். நம் கடையிலிருந்து போகிற பொருள் அரைகுறையாகப் போகக் கூடாது. பைண்டிங்கை இறுக்கவில்லை. உன் எடைக்கும் உன் பூட்ஸ் நீளத்துக்கும் எது சரியோ அதில் வைத்திருக்கிறேன். விழுந்தால் கழலும். நீ என்ன சொன்னாலும் அது கழலும், திருகாணியை நானே வைத்தேன், நானே சோதித்தேன். கழன்ற ஸ்கீ காணாமல் போகாமலிருக்க இரண்டிலும் நீளமாகச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன்.

ஆனால் அது பார்சலில் வரவில்லை. என்னோடு வருகிறது. டிக்கெட் எடுத்துவிட்டேன். வருஷம் திரும்புகிற நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து சேருவேன். நீயும் நானும் அந்தச் சரிவுக்கு ஒன்றாகப் போகிறோம்.

சிரிக்காதே. சிரித்தாலும் சந்தோஷம்தான். இந்தப் பதினைந்து நாளாக நான் காலையில் கடை திறக்கும் முன்னால் குழந்தைகள் பழகுகிற மேட்டுக்குப் போகிறேன். பயிற்சி கொடுக்கிறவர் முதல் நாளே கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டார். என் புருஷன் ஊருக்கெல்லாம் ஸ்கீ கொடுத்தார், நான் சறுக்கத் தெரியாமல் இருப்பது கடைக்கு அவமானம் என்றேன். என்னைச் சுற்றி வாத்துக்குஞ்சுகள் மாதிரிக் குட்டிக் குட்டிப் பிள்ளைகள் போகிறார்கள், நான் நடுவில் அலமாரி சாய்வது போல் சாய்கிறேன். இடது முழங்கால் வீங்கி, தைலம் தடவிக்கொண்டு கடையில் நிற்கிறேன். நேற்று முதல் முறையாக விழாமல் கீழே வரை வந்தேன். கீழே வந்ததும் திரும்பிப் பார்த்தேன். காட்டுவதற்கு ஒருத்தரும் இல்லை. அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் ஊர் மேடு வேறு, அங்கே இருக்கிற பனி வேறு என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசும்போது முகம் எப்படி மாறும் என்று பார்த்திருக்கிறேன். சத்தமே இருக்காது, மாவில் நீந்துகிற மாதிரி என்பார் உன் அத்தான். அதில் எனக்கு நிற்கவே தெரியாது. நான் விழுந்தால் எழுந்திருக்க முடியாது, யாராவது தூக்கிவிட வேண்டும். பனி வந்து மூடினால் யாராவது தோண்ட வேண்டும். மார்பில் கட்டுகிற சிக்னல் கருவி இரண்டு, மடக்கு மண்வாரி இரண்டு, குத்திப் பார்க்கிற நீளக் கம்பி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. என் கருவி கத்தினால் கேட்க உன் கருவி வேண்டும், தம்பி. நீ இல்லாவிட்டால் அது சும்மா கத்திக்கொண்டிருக்கும்.

அப்பாவிடம் சொன்னபோது தடுப்பார் என்று நினைத்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு "கடைய நான் பாத்துக்கறேன். மெழுகு எங்க இருக்குன்னு மட்டும் காட்டிட்டுப் போ" என்றார். அடுத்த நாளே கடைக்கு வந்து, வந்தவரிடம் உயரம் எவ்வளவு, யாரோட போறீங்க, எப்ப திரும்பி வருவீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு தடவை கேட்டார், வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். என்னவென்று கேட்டால், "அவனுக்கே தெரியும்" என்கிறார். உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நானும் நம்புகிறேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி. எனக்கு ஸ்கீ எடுக்கவில்லை.

கடையில் அகல ஸ்கீ வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நான் எனக்கு எடுக்கக் கூடாது. வழக்கத்தை உன் அத்தானே ஒரு நாளும் மீறவில்லை, நானா மீறுவேன்? என்னைத் தோண்டப் போகிறவன் நீ, அதனால் நீதான் எடுக்க வேண்டும். வேண்டிய விவரத்தை எழுதுகிறேன், உன் அத்தானிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை. எடை எழுபத்தெட்டு கிலோ. உயரம் உன் தோள் வரைக்கும், நீ போனபிறகு கொஞ்சம் குனிந்திருக்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள். இடது முழங்கால் சரியில்லை. தைரியம் சுத்தமாக இல்லை. எத்தனை நீளம், நடுவில் எத்தனை அகலம், மூக்கு எவ்வளவு வளைந்திருக்க வேண்டும், என்ன நிறம், எல்லாம் நீ சொல்லு. ஆரஞ்சு வேண்டாம் என்றால் வேண்டாம். கிளிப்பச்சை என்றாலும் மாட்டிக்கொண்டு வருவேன்.

வேறெதுவும் எழுத வேண்டாம். ஏன் எதற்கு என்று உன்னை நான் கேட்கவே மாட்டேன். நலமா என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை. என் ஸ்கீயின் நீளத்தை மட்டும் உன் கைப்பட எழுதி அனுப்பு. அந்த ஒரு எண் வந்தால் போதும், நீ என்னைத் தோண்ட அங்கே நிற்பாய் என்று தெரிந்துகொள்வேன்.

பதில் வராவிட்டாலும் வருவேன். ஸ்கீ இல்லாமல் வெறும் பூட்ஸோடு, இடுப்பளவு பனியில் உன் பின்னாலேயே நடந்து வருவேன். நான் எவ்வளவு மெதுவாக நடப்பேன் என்று உனக்குத் தெரியும். சந்தைக்குப் போகும்போதே நீ எனக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திட்டுவாய். அங்கேயும் நின்று திட்டு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கடிதத்தின் கடைசியில் நன்றாக இரு என்று எழுதுவது வழக்கம். உனக்கு அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை, நன்றாக இருப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் வந்து சேரும்வரை இரு, கண்ணா. இரு.

உன் பதிலுக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கும்
உன் அக்கா